ஹாரன் சத்தமும் கட்ட மோளமும்

பாடி லூகாஸ் ஸ்டாப்பிங்கில் சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ்ஸுக்காக நின்றிருக்கிறீர்களா? அம்பத்தூர் பக்கமிருந்து வரும் கம்பெனி பஸ், திருவள்ளூர் போகிற லாரி, நடுவில் புகுந்து புறப்படும் ஷேர் ஆட்டோ, எல்லாரும் ஒரே நேரத்தில் ஹாரன் அடிப்பார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதி. அடுத்த தடவை அங்கே காதைப் பொத்திக்கொண்டு நிற்கும்போது ஒரு விஷயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில், லூகாஸ் கம்பெனியின் தொழிற்சாலையில், அறுபதுகளில் ஒரு பையன் வேலை பார்த்தான். அவனுடைய வேலை என்ன தெரியுமா? கார் ஹாரன்களுக்கு சுருதி சேர்ப்பது. வரிசையாக வரும் ஹாரனை எடுத்து, ஸ்க்ரூ டிரைவரால் திருகி, சத்தம் சரியாக வருகிறதா என்று கேட்டு, அடுத்ததை எடுப்பது. நாள் பூரா இதுதான்.

அவன் அம்மாவும் லூகாஸில்தான் வேலை. பக்கத்தில் முப்பது வருஷ சர்வீஸை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். ரிடையர் ஆகும்போது கம்பெனி தரப்போகும் தங்க வாட்ச்சுக்காகக் காத்திருந்தார். அதைக் கேட்டதும் பையனுக்கு பயம் வந்துவிட்டது. ஒரு வாட்ச்சுக்காக முப்பது வருஷமா? வேலையை விட்டான். அப்புறம் ஆடு மாடு அறுக்கும் கூடத்தில் வேலை. அப்புறம் சில்லறைத் திருட்டு, சில வாரம் ஜெயில். அப்புறம் பாட வந்தான். பெயர் ஓஸி ஆஸ்பர்ன் (நம்ம ஊர் ஓசி இல்லை). 2025 ஜூலை 22-ம் தேதி இறந்துபோனார். அவரும் அதே பேட்டையைச் சேர்ந்த இன்னும் மூன்று பையன்களும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் பிளாக் சபாத். உலகத்தில் இன்றைக்கு ஹெவி மெட்டல் என்று சொல்லப்படுகிற சங்கீதத்துக்கு அவர்கள்தான் பிள்ளையார் சுழி.

ஹெவி மெட்டல்! அம்பத்தூர் எஸ்டேட்டில் சொன்னால் 'எத்தனை டன்னு?' என்று கேட்பார்கள். தப்பில்லை. அந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் நானும் கேட்கப்போகிறேன்.

முதலில் ஒரு சின்ன பூகோளம். பர்மிங்ஹாம் லூகாஸும் நம் டி.வி.எஸ்ஸும் கூட்டுச் சேர்ந்து 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ். பிறந்தது. பாடிக்கு அந்த ஸ்டாப்பிங் வந்தது அப்படித்தான். அதற்கும் முன்னால், 1955-ல், பர்மிங்ஹாமுக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் ரெட்டிச் என்கிற ஊரிலிருந்து என்ஃபீல்டு புல்லட் திருவொற்றியூருக்கு வந்து இறங்கியது. ரெட்டிச் தொழிற்சாலை அறுபதுகளிலேயே மூடியாயிற்று. புல்லட் மட்டும் திருவொற்றியூரில் சாகாமல் டப் டப் என்று ஓடியது. ஆக, மூர் மார்க்கெட்டிலிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டி போகும் ரயில் தடத்திலும் சரி, மேற்கே திருவள்ளூர், அரக்கோணம் போகும் தடத்திலும் சரி, பர்மிங்ஹாமின் மெஷினும் வரைபடமும் நம் ஆட்களின் கைக்கு வந்து அறுபது, எழுபது வருஷமாகிறது. மெஷின் வந்தது. அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவன் போட்ட பாட்டு வரவில்லை. வரவேண்டும் என்று கட்டாயமில்லைதான். ஆனால் நம் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவன் என்ன பாடினான்?

அதற்கு முன்னால் ஒரு விபத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பிளாக் சபாத்தின் கிடாரிஸ்ட் டோனி அயோமி. பதினேழு வயதில் தகடு வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங். பாட்டுக் கச்சேரிக்கு வெளிநாடு போகும் வாய்ப்பு வந்து, வேலையை விடுவதாகச் சொல்லியாயிற்று. கடைசி நாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், 'இனிமே போகலைம்மா' என்கிறார். அம்மா விடவில்லை. எடுத்த வேலையை முழுசாக முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புகிறார். போனார். அன்றைக்கு பிரஸ் மெஷின் ஓட்டும் ஆள் வரவில்லை. இவரை அதில் நிற்க வைத்தார்கள். மெஷின் இறங்கியது. வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயிற்று. அயோமி இடது கைக்காரர். அதாவது கிடாரின் தந்தியை அழுத்திப் பிடிக்க வேண்டிய கையே இந்த வலது கைதான்.

அம்பத்தூரிலோ, திருமுடிவாக்கத்திலோ, கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ பவர் பிரஸ் பக்கத்தில் நின்ற யாருக்கும் இந்தக் கதையைப் புரியவைக்க வேண்டியதில்லை. ஆள் வரலைன்னா தெரியாதவனை நிறுத்துவது, டார்கெட் முடியணும் என்று சென்சாரைக் கழற்றிவைப்பது, அப்புறம் துணியில் சுற்றிக்கொண்டு ஓடுவது. ராயபுரத்துக்குப் பக்கத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கைக்கென்றே தனியாக ஒரு சிகிச்சைத் துறை இருப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எழுபதுகளில் பேராசிரியர் ஆர்.வெங்கடசாமி வளர்த்தெடுத்த துறை. நாட்டிலேயே பேர் பெற்றது. அது ஏன் வடசென்னையில் முளைத்தது என்று யாராவது ஆராய்ச்சி பண்ண வேண்டுமா என்ன?

அயோமிக்கு என்ன ஆயிற்று? இனி கிடார் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். படுத்துக் கிடந்தவரைப் பார்க்க வந்த தொழிற்சாலை மேலாளர், ஜாங்கோ ரைன்ஹார்ட் என்கிற ஜிப்ஸி கிடாரிஸ்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். நெருப்பு விபத்தில் கை கருகி, இரண்டே விரலை வைத்துக்கொண்டு உலகத்தை ஆட்டிவைத்தவர் ஜாங்கோ. அதைக் கேட்டபிறகு அயோமி எழுந்து உட்கார்ந்தார். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்குத் தொப்பி செய்தார். பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி அதற்கு மேலே ஒட்டினார். தொப்பி போட்ட விரலுக்குத் தந்தி தெரியாது, அழுத்தினால் வலி வேறு. அதனால் மெல்லிய தந்தியைத் தேடிப் போட்டார். போகப் போக, தந்தியின் இறுக்கத்தையே தளர்த்தி, சுருதியைக் கீழே இறக்கினார். 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் அந்த இறக்கம் நன்றாகவே கேட்கிறது. தளர்ந்த தந்தி, தாழ்ந்த சுருதி, இழுத்து இழுத்து நகரும் கனமான ஒலி. பின்னால் வந்த ஆயிரம் இசைக்குழுக்கள் விரல் பத்தும் முழுசாக இருந்தும் அப்படியே செய்தார்கள்.

ஒரு விபத்தின் தழும்பு, ஒரு சங்கீதத்தின் இலக்கணமானது. இதைத்தான் ஓர் இசைக்குழுவுக்கும் அதன் தொழிலாளர் ஊருக்கும் உள்ள உறவு என்று நான் புரிந்துகொள்கிறேன். பிளாக் சபாத் பாட்டுகளில் பர்மிங்ஹாம் என்கிற பெயரைத் தேடிப் பாருங்கள், தேடிக்கொண்டே இருப்பீர்கள். யுத்தம், பேய், போதை, பித்து என்று என்னவோ பாடுகிறார்கள். எங்க ஊரு, எங்க மண்ணு என்கிற பாட்டே கிடையாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சம்மட்டி இறங்கும் சத்தம் வரும். சும்மா சொல்லக் கூடாது, 'அயர்ன் மேன்' ஆரம்பத்தை முதலில் கேட்டபோது எனக்கு நினைவு வந்தது எண்ணூர் பக்கம் ஷெட்டில் இரவு ஷிஃப்டில் கேட்ட ஃபோர்ஜிங் அடிதான்.

இதனால் அவர்களை ஏதோ தொழிலாளர் தலைவர்களாக்கி மாலை போட வேண்டாம். காசு வந்ததும் ஊரை விட்டுப் போனவர்கள்தான். ஓஸி பல வருஷம் லாஸ் ஏஞ்சலஸ் மாளிகையில் இருந்தார். ஊரும் அவர்களை ஒன்றும் தலையில் தூக்கிவைத்து ஆடவில்லை. ஊர் நடுவில் ஒரு பாலத்துக்கு அவர்கள் பெயரை வைத்தது 2019-ல். முதல் ஆல்பம் வந்தது 1970 பிப்ரவரி 13. நாற்பத்தொன்பது வருஷம்! அதற்குள் தொழிற்சாலைகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. லாங்பிரிட்ஜ் கார் ஆலை 2005-ல் படுத்தது. 2023-ல் நகராட்சியே கஜானா காலி என்று கையை விரித்தது. அதே வருஷம் பர்மிங்ஹாம் ராயல் பாலே குழு பிளாக் சபாத் இசைக்கு நாட்டியம் போட்டது. மெஷின் நின்றபிறகுதான் மெஷின் சத்தத்தை மேடையில் உட்கார்ந்து ரசிக்க முடியும் போல.

ஆனாலும் 2025 ஜூலை 5-ம் தேதி நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆஸ்டன் பேட்டையில் வில்லா பார்க் என்று ஒரு ஃபுட்பால் மைதானம். ஓஸி வளர்ந்த லாட்ஜ் ரோடு வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். சின்ன வயதில் மேட்ச் நாட்களில் அந்தத் தெருவில் நின்று, 'சார், உங்க காரைப் பார்த்துக்கிறேன்' என்று சில்லறை வாங்கியிருக்கிறார். அதே மைதானத்தில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் கூட்டம். பார்க்கின்ஸன் நோயால் நிற்க முடியாமல், ஒரு கறுப்பு சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். இருபது வருஷத்துக்கு அப்புறம் பழைய நாலு பேரும் ஒன்றாக. நாலே பாட்டு. வருமானம் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும், மரணப் படுக்கையில் இருக்கும் குழந்தைகளின் காப்பகத்துக்கும், பார்க்கின்ஸன் ஆராய்ச்சிக்கும். பதினேழாவது நாள் ஆள் இல்லை. ஜூலை 30-ம் தேதி சவ ஊர்வலம் அந்தப் பாலத்தில் நின்றபோது முன்னால் பித்தளை வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டு போனார்கள். வீடியோவில் பார்த்தேன். ஒரு நிமிஷம் புளியந்தோப்பு சாவு ஊர்வலம் போலவே இருந்தது. பூ இருந்தது, மோளம் இருந்தது, தெரு நிறைய ஜனம் இருந்தது. பட்டாசு ஒன்றுதான் குறை.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

வடசென்னை, அதையொட்டி வடக்கே மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, மேற்கே ஆவடி, திருவள்ளூர். இந்த மொத்த பெல்ட்டுக்கும் ஒரு பாட்டு இருக்கிறது என்றால் அது கானா. சாவு வீட்டில் ராத்திரி முழுக்க விழித்திருக்கப் பாடியது. ஜெயிலில் பாடியது. லோக்கல் ட்ரெயினில் பெட்டியின் பக்கச் சுவரையே தாளமாக்கி, படிக்கட்டில் தொங்கிக்கொண்டு பாடியது. சினிமா இதை எடுத்துக்கொண்டு போய் அழுக்கைத் துடைத்து, குத்துப்பாட்டாகத் திருப்பிக் கொடுத்தது. தொண்ணூறுகளில் தேவா, 2006-ல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன் என்று ஊரே ஆடியது. ஆடியவர்கள் அதே வாயால் 'வடசென்னைன்னாலே ரவுடிங்கப்பா' என்றும் சொன்னார்கள். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

2012-ல் 'அட்டகத்தி' வந்தது. ஆவடியை அடுத்த கார்லபாக்கம், திருவள்ளூர் மாவட்டத்துக்காரர் பா.இரஞ்சித்தின் முதல் படம். கானா பாலா அதில் பாடினார். கிண்டலுக்காக வைத்த கானாவாக அது தெரியவில்லை, ஆட்களின் சுவாசம் போல வந்தது. ஐந்து வருஷம் கழித்து இதே இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், டென்மா என்கிற இசையமைப்பாளரும் சேர்ந்து ஒரு குழுவைக் கட்டினார்கள். தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) சொன்ன 'சாதிபேதமற்ற தமிழர்' என்பதிலிருந்து எடுத்த பெயர். 2018 ஜனவரி 6-ம் தேதி, கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் முதல் கச்சேரி. பத்தொன்பது பேர். எல்லாரும் கோட்டு சூட்டு. அம்பேத்கர் கோட்டு ஞாபகம் வராதவர்கள் அன்றைக்கு அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மேடையைப் பாருங்கள். ஒரு பக்கம் எலக்ட்ரிக் கிடார், டிரம்ஸ். இன்னொரு பக்கம் சட்டி, கட்ட மோளம், பறை. சாவுக்கு அடிக்கிற வாத்தியம் என்று மங்கல காரியத்தில் வாசலுக்குக்கூட சேர்க்காத வாத்தியங்கள். மைக் முன்னால் இசைவாணி. ஆண்களின் கோட்டையான கானாவில் நின்று ஜெயித்தவர், 2020-ல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம் பிடித்தார். அரக்கோணத்திலிருந்து வந்த அறிவு, ராப். இதுவும் ராக் பேண்டா என்று கேட்டால் கேட்டுவிட்டுப் போங்கள். பேண்டின் வேலை என்ன? ஒரு பேட்டையின் சத்தத்தை மின்சாரத்தில் ஏற்றி, அந்தப் பேட்டையைப் பார்க்காதவனின் நெஞ்சில் அடிப்பது. அதை இவர்கள் செய்தார்கள்.

பர்மிங்ஹாம் பையன்களுக்கு வேண்டியிராத ஒரு வார்த்தை இவர்களுக்கு ஏன் பெயரிலேயே வேண்டியிருந்தது? இதற்குப் பதில் பெரம்பூரில் இருக்கிறது. பக்கிங்ஹாம் கர்நாட்டிக் மில். நம் ஊர் வாயில் பி அண்ட் சி மில். இந்த மில் தொழிலாளிகளை வைத்துத்தான் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று என்று பெருமையாகப் படிக்கிறோம். மூன்றே வருஷத்தில், 1921 வேலைநிறுத்தத்தில், அந்தச் சங்கம் சாதி வாரியாகப் பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். திரும்பியதற்கு அவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. சங்கம் அதைக் கேட்கவில்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஒரே மில், ஒரே கூலி, ஒரே சங்கு. கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் வேறு வேறு தெரு.

ஆகையால் பர்மிங்ஹாம் பாணியில் 'நாங்க தொழிலாளிங்க' என்று இங்கே ஒரு பேண்டு பாட முடியாது. பாடினால் பாதி ஊர்தான் அதில் இருக்கும். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் தன் பெயரிலேயே 1921-க்குப் பதில் சொல்கிறது. அவர்களுடைய 'கோட்டா' பாட்டையோ, 'ஜெய்பீம் ஆந்தம்' பாட்டையோ கேட்டுவிட்டு 'இசையில எதுக்கு அரசியல்?' என்று முகம் சுளித்த நண்பர்கள் எனக்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: சாவு மோளத்தை ஒதுக்கியது எந்த அரசியலோ அதே அரசியல்தான் சார்.

இவ்வளவு சொன்னபிறகு, எனக்குக் குறையும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் இந்தப் பக்கத்துக்கு என்ன மரியாதை?

முதல் குறை சின்னது. பல பாட்டுகளில் கிடார் விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறது. கட்ட மோளம் முன்னால் போய், கிடார் அதன் பின்னால் ஓடிவருகிற இடங்களில்தான் மேடை தீப்பிடிக்கிறது. கிடார் தலைமை ஏற்கிற இடங்களில் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது. சில பாட்டுகளில் கோஷம் பாட்டை முந்திக்கொள்கிறது. கானாவின் பலமே நக்கல். அண்ணன் செத்த சோகத்திலும் ஒரு வரியில் சிரிக்க வைத்துவிடும். அந்த நக்கல் இருக்கும்போது கருத்து தானாக உள்ளே இறங்குகிறது. இல்லாதபோது பொதுக்கூட்டமாகிவிடுகிறது.

இரண்டாவது குறை பெரியது. 'வட சென்னை' என்றே ஒரு பாட்டு வைத்திருக்கிறார்கள். தெரு இருக்கிறது, வீடு இருக்கிறது, மானம் இருக்கிறது, ரோஷம் இருக்கிறது. நான் கேட்ட பாட்டுகளில் மெஷின் இல்லை. ஷிஃப்ட் சங்கு இல்லை. பிரஸ் இறங்குகிற அடி இல்லை. புல்லட் எஞ்சினின் தாளம்கூட இல்லை. இவ்வளவு தொழிற்சாலைகளுக்கு நடுவில் வளர்ந்த இசைக்குள் ஏன் தொழிற்சாலை வரவில்லை என்று ரொம்ப நாள் யோசித்தேன். குற்றமாகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். யோசிக்க யோசிக்க, அது அவர்களின் குற்றமில்லை என்று பட்டது.

அயோமி கதையில் ஒரு விவரத்தைத் திரும்பப் பாருங்கள். மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். இதுதான் விஷயம். தொழிற்சாலைக்கும் அம்மாவின் அடுப்புக்கும் நடுவில் ஒரு சோற்று வேளை தூரம்தான். மெஷின் சத்தம் ராத்திரி படுக்கையறை வரைக்கும் வரும். அப்பா, அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் அதே கேட்டுக்குள் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே ஆட்கள் பப்பில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார்கள். வேலையும் வீடும் பாட்டும் ஒரே மூச்சுக்குள் இருந்தால்தான் ஒன்று இன்னொன்றுக்குள் போய்ச் சேரும். பெரம்பூரில் ஒரு காலத்தில் அப்படி இருந்தது. பி அண்ட் சி மில்லின் சங்குக்கு வீட்டுக் கடிகாரத்தைச் சரி பண்ணிய குடும்பங்கள் இருந்தன. 1996-ல் மில் நிரந்தரமாக மூடியது. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறும்போது அந்தச் சங்கு நின்று இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவர்கள் இல்லாத மெஷினை எப்படிப் பாடுவார்கள்?

இருக்கிற மெஷின் எங்கே? ரயில் ஏறுங்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர். தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரையே இன்னும் சுமந்துகொண்டிருக்கும் விம்கோ நகர். எண்ணூர். அங்கே முகத்துவாரத்தில் அனல் மின் நிலையச் சாம்பல். இந்த எண்ணூருக்கு 2017 ஜனவரியில் ஒரு பாட்டு வந்தது. 'சென்னை புறம்போக்குப் பாடல்'. கபேர் வாசுகி எழுதி, டி.எம்.கிருஷ்ணா பாடியது. மெட்ராஸ் பாஷையைக் கர்நாடக ராகத்தில் உட்கார வைத்த துணிச்சலான காரியம். புறம்போக்கு என்கிற திட்டு வார்த்தையைத் திருப்பிப் போட்டு, அது எல்லாருக்கும் பொதுவான நிலம் என்று சொன்ன பாட்டு. எனக்குப் பிடிக்கும். இருந்தாலும் அது எண்ணூருக்காக வந்த பாட்டு. எண்ணூரிலிருந்து கிளம்பிய பாட்டு என்று சொல்ல முடியாது. நல்ல மனசோடு வந்த விருந்தாளி, கூட நின்று ஒரு நியாயம் கேட்டுவிட்டுப் போனார். அதுவும் வேண்டும்தான்.

எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கடைசியில் கும்மிடிப்பூண்டி. சென்னையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தாண்டினால் ஆந்திரா. அங்கே சிப்காட்டில் உலை கொதிக்கிறது, கம்பி உருட்டுகிறார்கள், வார்ப்படம் ஊற்றுகிறார்கள். பிளாக் சபாத்துக்குத் தேவையான அத்தனை சத்தமும் இருபத்துநாலு மணி நேரமும் இருக்கிறது. ஆனால் உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களில் பெரும் பகுதி ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள். கான்ட்ராக்டர் பிடித்துவந்தவர்கள். ஒரு அறைக்குப் பத்துப் பேர், ஷிஃப்ட் மாற்றிப் பாய் மாற்றிப் படுக்கிறார்கள். அம்மாவின் அடுப்பு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஊரிலேயே 1990-லிருந்து இலங்கை அகதிகள் முகாம் வேறு. அங்கேயே பிறந்து பிள்ளை பெற்றவர்களுக்கும் முகவரி 'முகாம்'தான். இந்த ஊரில் யாரைக் கூப்பிட்டு, 'உன் சொந்த ஊர் பாட்டைப் பாடு' என்பீர்கள்?

வீடு இருக்கிற இடத்தில் மெஷின் போய்விட்டது. மெஷின் இருக்கிற இடத்தில் வீடு இல்லை. விரல் நசுங்கினால் ஒரு ரயில் டிக்கெட்டைக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அங்கே வேலை பார்த்த ஒரு சூப்பர்வைசர் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். ஜாங்கோவின் இசைத்தட்டு எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பதற்குக்கூட ஆள் ஊரில் இருக்க வேண்டுமே?

போன வருஷம் ஒரு சனிக்கிழமை கும்மிடிப்பூண்டியிலிருந்து லோக்கலில் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் மூன்று வடநாட்டுப் பையன்கள். முழுக்கைச் சட்டையில் தீப்பொறி பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள். ஒருவன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். ஒடியாவா போஜ்புரியா, எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பொன்னேரியில் காலேஜ் பையன்கள் ஏறினார்கள். ஏறின கையோடு பெட்டிச் சுவரில் அடி ஆரம்பம். கானா. செத்துப்போன ஒரு நண்பனைப் பற்றிய பாட்டு. பெட்டியில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், மீதிப் பேர் காலால் தாளம் போட்டார்கள்.

வடநாட்டுப் பையன் போனை அணைத்துவிட்டான். பயந்துவிட்டான் என்று நினைத்தேன். மீஞ்சூர் தாண்டியதும் பார்த்தால், சீட்டுக்கு அடியில் இருந்த டிபன் கேரியரை எடுத்து மடியில் வைத்து, மூடியில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தான். சரியான இடத்தில் விழுந்தது. கானா பாடிய பையன் திரும்பிப் பார்த்து, 'பய்யா, ஸ்பீடா ஸ்பீடா' என்று கையைக் காட்டினான். இவன் இன்னும் பலமாக அடித்தான். திருவொற்றியூர் வரைக்கும் அடித்தான். கொருக்குப்பேட்டையில் காலேஜ் பையன்கள் இறங்கிப் போய்விட்டார்கள். இவன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி போனை எடுத்தான்.